சோரியாசிஸ் மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பரிசோதனை: எங்கள் வீட்டு அனுபவம்

சோரியாசிஸுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்குவதற்கு முன் என் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைப் பட்டியலில், ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றோடு ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற இரண்டு வரிகளும் இருந்தன. தோலில் செதில் உதிரும் நோய்க்கும் கல்லீரலில் தங்கும் வைரஸுக்கும் என்ன தொடர்பு என்று என்னைப் போன்ற நோயாளிகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மருத்துவர்களிலும் எல்லோரும் அதை விளக்கிச் சொல்வதில்லை. அந்த இரண்டு வரிகளால் என் சிகிச்சை முறை மாறியது. என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பல்லாண்டுகளாகத் தெரியாமலே இருந்த ஒரு நோய் வெளிப்பட்டது. நீண்ட காலம் மருந்து எடுக்க வேண்டிய தோல் நோய் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

எனக்கு முழங்கையிலும் தலையிலும் தொடங்கிய படை சில ஆண்டுகளில் முதுகு முழுவதும் பரவியது. அந்தக் காலத்தில் நான் காட்டிய ஒரு தனியார் கிளினிக்கில், ரத்தம் எதுவும் எடுக்காமலேயே ஊசி போட்டு, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். படை வேகமாக வாடியது. மாத்திரை நின்றதும் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. சோரியாசிஸில் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தும்போது இப்படி நடப்பதுண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்த மருந்துச் சீட்டில் இருந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருப்பவர்களுக்கு, நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோனை நான்கு வாரங்களுக்கு மேல் கொடுத்தால், அடங்கியிருந்த வைரஸ் மறுபடி பெருகிக் கல்லீரலைத் தாக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த மாத்திரையை எழுதியது எனக்கு இன்றும் ஏற்க முடியாத செயலாகவே படுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பரிசோதனையின் அவசியம் தானாகவே விளங்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும், தன் மரபுப் பொருளை ஒரு சிறு வளையமாக அந்தச் செல்லின் உட்கருவிலேயே வைத்துவிடுகிறது. நோய் குணமாகி, ரத்தத்தில் வைரஸின் அடையாளமே தெரியாத நிலைக்கு வந்த பிறகும் அந்த வளையம் பல செல்களில் எஞ்சியிருக்கும். நம் நோயெதிர்ப்பு மண்டலம் ஆயுள் முழுவதும் அதற்குக் காவல் இருக்கிறது. சோரியாசிஸ், தோலில் கொப்புளம் வரும் பெம்பிகஸ் போன்ற நோய்களில் நோயெதிர்ப்பு மண்டலமே நம் தோலைத் தாக்குவதால், மருத்துவர்கள் அதை அடக்கும் மருந்துகளைத் தருகிறார்கள். தோலைத் தாக்கும் நோயெதிர்ப்புப் படை அடங்கும்போது கல்லீரலுக்குக் காவல் நிற்கும் படையும் அடங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் சத்தமில்லாமல் பெருகுகிறது. பிறகு மருந்தைக் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ காவல் திரும்பி வந்து, வைரஸ் நிறைந்த கல்லீரல் செல்களை ஒட்டுமொத்தமாக அழிக்கத் தொடங்கும். அதனால்தான் சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகே கண் மஞ்சளாகிறது. தோல் சிகிச்சைக்கும் அந்த மஞ்சளுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

பரிசோதனைக் கூடத்தில் "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலான இடங்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஒன்றை மட்டுமே எடுப்பார்கள். இது வைரஸின் மேலுறைப் புரதம். 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க் கண்டறிந்து, அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றது இதுதான். இது இருந்தால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட தொற்று. ஆனால் முன்பு வந்து அடங்கிப்போன தொற்று இதில் தெரியாது. அதைக் காட்டுவது ஆன்டி-எச்.பி.சி. என்ற இரண்டாவது பரிசோதனை. மூன்றாவது, ஆன்டி-எச்.பி.எஸ். என்ற பாதுகாப்பு எதிர்ப்பொருளின் அளவு; தடுப்பூசி போட்டவர்களுக்கு இது லிட்டருக்கு 10 அலகு என்ற எல்லையை எட்டினால் பாதுகாப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இம்மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பரிந்துரைத்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆன்டி-எச்.பி.சி. பரிசோதனையில் "ஐ.ஜி.எம்." என்றும் "டோட்டல்" என்றும் இரண்டு வகை உண்டு. ஐ.ஜி.எம். என்பது அண்மையில் வந்த தொற்றைக் காட்டுவது. பழைய தொற்று இருந்தால் அதில் பெரும்பாலும் "நெகட்டிவ்" என்றே வரும். நம் தேவைக்கு வேண்டியது டோட்டல். நான் போன பரிசோதனைக் கூடத்தில் முதலில் ஐ.ஜி.எம். என்றே பதிவு செய்தார்கள். மருத்துவரின் சீட்டில் டோட்டல் என்று தெளிவாக எழுதியிருந்ததைக் காட்டிய பிறகுதான் மாற்றினார்கள். பணம் கட்டுவதற்கு முன் ரசீதில் எந்தப் பரிசோதனையின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

என் முடிவில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லை, ஆன்டி-எச்.பி.சி. இருந்தது, ஆன்டி-எச்.பி.எஸ். நல்ல அளவில் இருந்தது. "உங்களுக்கு எப்போதோ தொற்று வந்து, உங்கள் உடலே அதை அடக்கியிருக்கிறதும்மா. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்" என்றார் மருத்துவர். மஞ்சள் காமாலை வந்த நினைவே எனக்கு இல்லை. அதுவும் இயல்புதான் என்று விளக்கினார்: சிறு வயதில் வரும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே "எனக்குக் காமாலை வந்ததே இல்லை" என்பதைப் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணமாக யாரும் கொள்ளக் கூடாது.

எல்லா மருந்துக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதையும் அவர்தான் சொல்லித் தெரிந்துகொண்டேன். களிம்புகளும் ஒளிச் சிகிச்சையும் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. எச்.பி.எஸ்.ஏ.ஜி. இல்லாமல் பழைய தொற்றின் அடையாளம் மட்டும் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு, மெத்தோட்ரெக்சேட்டால் வைரஸ் மீளும் வாய்ப்பு மிகக் குறைவு, கண்காணிப்பு போதும். நோயெதிர்ப்பின் குறிப்பிட்ட ஒரு பகுதியை அடக்கும் அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் ஊசிகளில் கவனம் கூடுதலாக வேண்டும், எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருப்பவர்களுக்கு அவற்றை வைரஸ் தடுப்பு மாத்திரையோடு சேர்த்தே தருவார்கள். மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, கொப்புள நோயான பெம்பிகஸுக்குத் தரப்படும் ரிட்டுக்ஸிமாப் ஊசியில். பழைய தொற்று மட்டும் இருப்பவர்களுக்கும் இதில் ஆபத்து அதிகம் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இந்த மருந்துக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்துத் தாளில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) விதித்தது. இதை எடுப்பவர்களுக்குக் கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு வைரஸ் தடுப்பு மாத்திரை தொடர வேண்டியிருக்கும். தோல் நன்றாக ஆறிவிட்டது என்று அதை இடையில் விடுவது பெரிய கேட்டில் முடியலாம்.

மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே இந்த முடிவுகள் கையில் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் கல்லீரல் என்சைம் சற்று உயர்ந்தது. சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் அதிகம் காணப்படும். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியதே. மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் சேரும். வலி மாத்திரைகளாலும் உயரலாம். இவற்றோடு வைரஸும் ஒரு சந்தேகமாக நின்றிருந்தால், மருத்துவர் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடியிருப்பார். என் அடிப்படை நிலை தெரிந்திருந்ததால், வைரஸ் அளவை மட்டும் ஒருமுறை பார்த்து, அது இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாத்திரையின் அளவைக் குறைத்துத் தொடர்ந்தார். என்சைம் பழைய நிலைக்கு வந்தது.

என் முடிவைப் பார்த்த அன்றே மருத்துவர் கேட்ட கேள்வி, "வீட்டில் மற்றவர்கள் யாருக்காவது பார்த்திருக்கிறீர்களா?" என்பது. யாருக்கும் பார்த்ததில்லை. கணவருக்கும் பிள்ளைக்கும் தொற்று இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருந்தது.

பிரசவத்தின்போதும் குழந்தைப் பருவத்திலும் தாயிடமிருந்து பரவுவதே நம் நாட்டில் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு ஒரு முக்கிய வழி. முதல் ஓராண்டில் தொற்று பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்டதாகத் தங்கிவிடும். வயது வந்த பிறகு தொற்று பெறுபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். அக்காவுக்குப் பிறவியிலேயே வந்திருக்கலாம், எனக்குச் சற்றுப் பின்னர் வந்து அடங்கியிருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம். இப்போது அதை உறுதி செய்ய வழியில்லை. அம்மா இதைக் கேட்டு, தன்னால்தான் பிள்ளைகளுக்கு வந்தது என்று பல நாள் மனம் நொந்தார். அவர் எங்களைப் பெற்ற காலத்தில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனையும் இல்லை, குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியும் இல்லை. குடும்பத்தில் முடிவுகளைச் சொல்லும்போது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதிலேயே பேச்சை வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு வைரஸ் அளவு குறைவு, என்சைம் இயல்பு, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு இல்லை. அவருக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்கிறார். அம்மாவின் கல்லீரலில் தழும்பு தொடங்கியிருந்தது. வைரஸ் அளவும் அதிகம். கல்லீரல் மருத்துவர் அவருக்கு என்டெகாவிர் என்ற வைரஸ் தடுப்பு மாத்திரையைத் தொடங்கினார். வெறும் வயிற்றில், முந்தைய உணவிலிருந்து இரண்டு மணி நேரமும் அடுத்த உணவுக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி விட்டு எடுக்க வேண்டிய மாத்திரை இது. அம்மா இரவு சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது எடுத்துக்கொள்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று இதை நாமாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வைரஸ் சீறி எழலாம்.

இந்தச் செய்தி உறவினர்களுக்குத் தெரிந்ததும் கீழாநெல்லி வந்துவிட்டது. அம்மாவின் நம்பிக்கையை நான் இகழவில்லை. அதற்குச் சென்னையிலேயே ஓர் ஆய்வு வரலாறு இருக்கிறது. 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு, பிளம்பெர்க்கையும் இணை ஆசிரியராகக் கொண்டு, லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்ததாக அதில் கூறப்பட்டது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே தழும்பு தொடங்கிய ஒரு கல்லீரலை அதை மட்டும் நம்பி விட முடியாது என்று அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னோம், அவர் ஏற்றுக்கொண்டார். தோல் நோய்க்கென்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளிலும் உருண்டைகளிலும் எனக்கு இருக்கும் அச்சம் இதைவிடப் பெரிது, ஏனென்றால் அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கே இல்லாமல் அது உடலில் ஏறுகிறது.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டவை சில. ஹெபடைடிஸ் பி ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. அதனால் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்ற பேச்சையே நான் எடுக்க விடவில்லை. பல் துலக்கும் பிரஷ், ரேசர், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொண்டோம். உலர்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்பதால் இது முக்கியம். தோல் வெடித்து ரத்தம் கசியும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. எச்.பி.எஸ்.ஏ.ஜி. உள்ள ஒருவருக்குச் சோரியாசிஸும் இருந்தால், கசியும் இடத்தை மூடி வைப்பதும், ரத்தம் பட்ட துணியைத் தனியே துவைப்பதும் அவசியம்; தொற்று இல்லாத ஒருவருக்குத் தோல் வெடித்திருந்தால், தடுப்பூசி அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-இல் சில பகுதிகளில் தொடங்கி, 2011-இல்தான் நாடு முழுவதும் விரிந்தது. ஆகவே இன்று சோரியாசிஸுக்கு மருந்து எடுக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் தொற்றும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று மூன்று தவணையும் போட்டு, அதன் பின் எதிர்ப்பொருள் அளவையும் பார்த்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து தொடங்கிய பிறகு தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால், அவசரம் இல்லாவிட்டால் அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே ஊசி போடுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பொய்யாக "பாசிட்டிவ்" காட்டக்கூடும். அதேபோல, பெம்பிகஸ் போன்ற நோய்களுக்கு நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதாக இருந்தால், அதற்கு முன்பே ஹெபடைடிஸ் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும். அதில் மற்றவர்களின் எதிர்ப்பொருள்களும் கலந்திருப்பதால், ஏற்றிய பிறகு பார்த்தால் உங்களுக்கு வராத தொற்று வந்ததுபோல் தெரியும்.

ஹெபடைடிஸ் சி-யின் கதை வேறு. சில சமயம் தோலே அதைக் காட்டிக்கொடுக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அண்ணனுக்கு வாயின் உட்புறம் வெள்ளை வரிகளும் புண்ணுமாக லைக்கன் பிளேனஸ் என்ற தோல் நோய் இருந்தது. காரம் பட்டாலே துடித்துப்போவார். லைக்கன் பிளேனஸ் உள்ளவர்களிடம் ஹெபடைடிஸ் சி கூடுதலாகக் காணப்படுவது உலகின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி, மருத்துவர் அவருக்கு ஆன்டி-எச்.சி.வி. என்ற ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருளைப் பார்த்தார், இருந்தது. இளம் வயதில் ஒரு விபத்துக்குப் பின் அவருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அதற்கு முன் ஏற்றிய ரத்தத்தில் அதைச் சோதிக்க வழியே இருந்திருக்காது. எதிர்ப்பொருள் இருந்தால் மட்டும் நோய் இருப்பதாக முடிவு செய்ய முடியாது, வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்த பின்பே சிகிச்சை. அவருக்கு சோஃபோஸ்புவிர், டக்லாட்டாஸ்விர் மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். வைரஸ் முற்றிலும் போய்விட்டது. வாய்ப்புண் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை; வைரஸ் போனால் தோல் நோயும் போய்விடும் என்ற உறுதி இல்லை. ஹெபடைடிஸ் சி மாத்திரை தொடங்கும் முன்பும் ஹெபடைடிஸ் பி பார்த்தாக வேண்டும், ஏனென்றால் சி அடங்கும்போது பி கிளம்பக்கூடும் என்று 2016-இல் அமெரிக்காவில் இந்த மாத்திரைகளுக்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது.

செலவுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பரிசோதனையும் பி, சி இரண்டுக்குமான மாத்திரைகளும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை மையங்கள் செயல்படுகின்றன. அம்மாவின் மாத்திரையும் அந்த அண்ணனின் மாத்திரையும் அப்படித்தான் கிடைத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கையின்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யோடும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யோடும் 2022-இல் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலை தெரியாது.

இப்போது என் முழங்கால் மூட்டுகளிலும் வலி தொடங்கியிருப்பதால், உயிரியல் ஊசிக்கு மாறலாமா என்று மருத்துவர் யோசிக்கிறார். அதற்கு முன் காசநோய்க்கான பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஹெபடைடிஸ் முடிவுகளின் அசல் தாளை ஒரு கோப்பில் வைத்து, படத்தைக் கைபேசியிலும் சேமித்திருக்கிறேன். மூட்டு மருத்துவர், பல் மருத்துவர் என்று யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன். ஊசி தொடங்கினால் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் என்சைமும் வைரஸ் அளவும் பார்க்க வேண்டும் என்று தேதிகளையும் தோல் மருத்துவர் அந்தக் கோப்பிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.